‘இது டூப்ளிகேட் சார்’ என்று சொன்னது தப்பா?

கேள்வி: நான்கு வருடமாகப் பழைய நாணயம் சேர்க்கிறேன். எங்கள் பக்கத்து ஆட்கள் 60 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருக்கிறேன். போன மாதம், புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய கால் அணா காசுகளைப் படம் எடுத்துப் போட்டேன். ஒருவர், ‘காசைக் கொலை பண்ணிட்டீங்களே’ என்று எழுதிவிட்டார். இரண்டு நாள் தூக்கமே இல்லை. இந்த மாதம், ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர், ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818-ஆம் வருட ஈஸ்ட் இந்தியா கம்பெனி அரை அணாவை 15,000 ரூபாய்க்கு வாங்கியதாகப் படம் போட்டார். ‘இது டூப்ளிகேட் சார், கம்பெனிக்காரன் சாமி படம் போட்டுக் காசு அடிச்சதே இல்லை, உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க’ என்று பதில் போட்டேன். மறுநாள் அவர் குழுவை விட்டே போய்விட்டார். எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள். உண்மையைச் சொன்னது தப்பா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி)

பதில்: தப்பில்லை. அந்தக் காசு போலிதான். ஆனால் நீங்கள் சொன்ன காரணம் பிழை. அதை முதலில் பேசிவிடுவோம்.

கம்பெனிக்காரன் சாமி போட்டுக் காசு அடித்திருக்கிறான். சென்னையில் அவர்கள் அடித்த ‘மூன்று சாமி வராகன்’ என்ற தங்கக் காசில், பெருமாள் இரண்டு தாயார்களோடு நிற்பார். வராகனில் சாமி இருப்பது இந்தப் பக்கத்து வழக்கம். வியாபாரம் நடக்க வேண்டுமே, அவர்களும் அதையே அடித்தார்கள். ராமர் பட்டாபிஷேகம் பொறித்த ‘ராமடங்கா’ என்ற வில்லைகளும் உண்டு. அவை பூஜையறையில் வைப்பதற்காக உண்டானவை, கடையில் மாற்றுவதற்கு அல்ல. கம்பெனி பெயரும் அவற்றில் இருக்காது.

பெரியவரிடம் இருப்பது இந்த இரண்டும் இல்லை. 1808-இல் சென்னைக்காக இங்கிலாந்தில் அடித்த செப்புக் காசுகளைப் பாருங்கள்: பத்துக் காசு, இருபது காசு என்றுதான் கணக்கு, அணா என்ற பேச்சே இல்லை. அதில் ஒரு பெரும் பங்கு 1809 ஜனவரியில் கப்பலோடு இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கி, 1980-களில் வெளியே எடுத்தார்கள். இன்றும் சேகரிப்பவர்கள் கையில் இருக்கிறது. நாடு முழுக்க ஒரே மாதிரிக் காசைக் கம்பெனி கொண்டுவந்ததே 1835-இல். அந்த வருட அரை அணாவில் இருப்பது சிங்கங்கள் தாங்கிய கம்பெனி முத்திரை. ராமரும் இல்லை, அனுமாரும் இல்லை.

இதே ராமர் காசு 1616, 1717, 1839 என்று வருடம் மாற்றி மாற்றிக் கிடைக்கிறது. 1616-இல் கம்பெனிக்கு வயது 16. ஜஹாங்கீர் தர்பாரில் இங்கிலாந்துத் தூதர் தாமஸ் ரோ சலுகை கேட்டுக் காத்துக்கிடந்த காலம். அப்போது இங்கே ராமர் போட்டு அணா அடித்தார்களாம்! (அதிசய சக்தி இருக்கிறது, காந்தம் மாதிரி அரிசியை இழுக்கும் என்று சொல்லி விற்பதும் இந்த வகைக் காசைத்தான்.) யோசித்தால், டூப்ளிகேட் என்ற வார்த்தைகூட இதற்குப் பொருந்தாது. டூப்ளிகேட் என்றால் ஒரிஜினல் ஒன்று இருக்க வேண்டும். இதற்கு அதுவே கிடையாது.

இவ்வளவு ஏன் இழுக்கிறேன் என்றால், நாளைக்கே யாராவது அவரிடம் மூன்று சாமி வராகன் படத்தைக் காட்டினால் போதும். ‘அந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியாது’ என்று முடிவு கட்டி, இன்னொரு ராமர் காசு வாங்குவார். அடுத்தவர் காசைக் குறை சொல்ல வாயைத் திறக்கும்போது, நம் பக்கம் ஓட்டை இருக்கக் கூடாது.

அப்புறம், அந்தக் கடைசி வாக்கியம். ‘இது டூப்ளிகேட்’ என்றவரை நீங்கள் பேசியது காசைப் பற்றி. ‘உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க’ என்றதும் பேச்சு அந்த மனிதரைப் பற்றியதாகிவிட்டது, அதுவும் 60 பேர் முன்னால். அதே செய்தியை ஃபோனில் சொல்லியிருக்கலாம். ‘சார், எங்கே வாங்கினீங்க? பில் இருக்கா? திருப்பிக் கொடுக்க வழியுண்டா?’ என்று ஆரம்பித்து, 1835 அரை அணா படம் ஒன்றை அனுப்பி, ‘இதைப் பக்கத்துல வச்சுப் பாருங்க’ என்றிருந்தால், அவருக்கு 15,000 ரூபாயாவது திரும்பி வந்திருக்கும். விற்றவன் தொடர்பில் இருக்கிற வரைக்கும்தானே அந்த வாய்ப்பு?

ஆனால் அதே காசை யாராவது குழுவில் விலைக்குப் போட்டால் இந்த நாசூக்கெல்லாம் வேண்டாம். யாரும் ஜிபே பண்ணுவதற்கு முன் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். தனியாக மெசேஜ் அனுப்பிக் காத்திருந்தால், அதற்குள் ஒருவர் பணம் போயிருக்கும்.

உங்களைத் திட்டுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த 60 பேரில் பத்துப் பேருக்காவது அது போலி என்று தெரிந்திருக்கும். ‘சூப்பர் சார்’ என்று கைகூப்பு போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களைவிட நீங்கள் எவ்வளவோ மேல்.

சரி, உங்கள் கால் அணாவுக்கு வருவோம். ‘கொலை’ என்றது முரட்டுப் பேச்சுதான். ஆனால் விஷயம் சரி. எனக்கும் இது நடந்திருக்கிறது. தாத்தா பெட்டியிலிருந்த 1862 கால் அணாவைத் தேய்த்து, தங்கம் மாதிரி ஆக்கி, ஒரு கண்காட்சியில் வயதான வியாபாரி ஒருவரிடம் பெருமையாக நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர், ‘புளியா, எலுமிச்சையா?’ என்று மட்டும் கேட்டார். பிறகு தன் தட்டிலிருந்து அதே வருடத்துக் காசு ஒன்றை எடுத்து என்னுடையதன் பக்கத்தில் வைத்து, லென்ஸைக் கையில் கொடுத்தார். அவருடையது காப்பித்தூள் நிறம். விக்டோரியா ராணியின் தலைமுடி இழை இழையாகத் தெரிந்தது. என்னுடையதில் முடி வழுக்கையாகி, முகம் முழுக்கப் பொடிப் பொடியாய்க் கீறல். அந்தப் பழுப்பு அழுக்கு இல்லை, அதைத்தான் பாட்டினா என்கிறார்கள், அது வர நூறு வருடம் ஆகியிருக்கிறது என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. அவர் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. இருந்தும் எனக்கு வந்த கோபத்தில், ஒரு வருடம் அவர் இருந்த பக்கமே போகவில்லை.

அதனால் உங்கள் இரண்டு நாள் தூக்கம் போனது எனக்கு ஆச்சரியமில்லை. எனக்கு ஆச்சரியம், அது போன அதே ஆள் அடுத்த மாதமே பெரியவரிடம் அப்படி எழுதியதுதான்.

இப்போது என்ன செய்வது? மெசேஜில் ‘சாரி’ வேண்டாம். உள்ளூர்க்காரர்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குப் போங்கள். ‘எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது சார்’ என்று சொல்லுங்கள். வராகன் விஷயத்தில் நீங்கள் சொன்னது பிழை என்பதையும் சொல்லுங்கள். நீங்களே உங்கள் தப்பை எடுத்து வைத்தால் அவருக்கும் கொஞ்சம் இளகும். அவர் மனது குளிர வேண்டும் என்று, ‘ஒருவேளை ஒரிஜினலாகவும் இருக்கலாம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் நம்பவில்லையா, விட்டுவிடுங்கள். காபியைக் குடித்துவிட்டு வாருங்கள்.

தேய்த்த காசுகளை என்ன செய்வது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பழைய நிறம் வரட்டும் என்று எண்ணெய், பாலிஷ் எதையும் தடவாதீர்கள். மெத்தென்ற பிளாஸ்டிக் உறையிலும் போடாதீர்கள், பச்சைக் களிம்பு பிடிக்கும். காகித உறை போதும். வருடங்கள் போனால் மெதுவாகப் பழுப்பேறும், பார்ப்பவர்களுக்கு அப்போது தெரியாமலும் போகலாம். அதனால் உறையின் மேல் பேனாவால் ‘தேய்த்தது’ என்று இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.