நியூ ஜெர்சியில் ஹாலோ பாயிண்ட் தோட்டாக்கள்

வணக்கம். நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லும் அனுமதி இருப்பதால், பென்சில்வேனியாவில் வாங்கிய 9 எம்எம் ஹாலோ பாயிண்ட் தோட்டாக்களை நிரப்பிக்கொண்டு வெளியே செல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள். உங்கள் அனுமதி துப்பாக்கிக்கு மட்டுமே உரியது. முனையில் குழியுள்ள இவ்வகைத் தோட்டாக்களை நியூ ஜெர்சி மாநிலச் சட்டத்தின் 2சி:39-3 பிரிவு தனியாகவே தடுக்கிறது. மீறினால் அது நான்காம் நிலைக் குற்றம். 18 மாதம் வரை சிறையும் 10,000 டாலர் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

அதே பிரிவு, அவற்றை உங்கள் வீட்டிலோ சொந்த நிலத்திலோ வைத்திருக்கவும், வாங்கிய இடத்திலிருந்து அங்கே கொண்டு செல்லவும் இடமளிக்கிறது என்பதால், வாங்கியதை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. சுடும் பயிற்சிக்கும் கொண்டு போகலாம். ஆனால் துப்பாக்கியில் குண்டு நிரப்பாமல், பெட்டியில் பூட்டியோ காரின் டிக்கியில் பூட்டியோ, தேவையின்றி வேறெங்கும் சுற்றாமல் செல்ல வேண்டும்.

வெளியே எடுத்துச் செல்ல, குழி பாலிமரால் அடைக்கப்பட்ட வகையைப் பலர் வாங்குகிறார்கள். மாநிலக் காவல்துறை அதனை ஹாலோ பாயிண்ட்டாகக் கருதுவதில்லை. அடுத்த முறை வெளியே கிளம்பும் முன், துப்பாக்கியில் தோட்டாக்கள் அடுக்கப்படும் மேகசினைக் காலிசெய்து ஒவ்வொரு தோட்டாவின் முனையையும் பார்த்துவிடுங்கள்.