குளிர்ந்த மண்ணில் தக்காளி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சீக்கிரம் காய் பறிக்கலாம் என்ற ஆசையில், குளிர் முழுதாக விலகும் முன்பே வீட்டுத் தோட்டத்தில் தக்காளி நாற்றுகளை நட்டுவிட்டேன். வாரங்கள் சில கடந்தும் செடிகள் நட்ட உயரத்திலேயே நிற்கின்றன. இலைகளின் அடிப்புறம் ஊதா நிறமாகிவிட்டது. அரும்பிய ஒன்றிரண்டு பூக்களும் உதிர்ந்துவிட்டன. உரத்தைக் கூட்ட வேண்டுமா?

பதில்: உரத்தைக் கூட்ட வேண்டாம், நீங்கள் சொல்லும் அறிகுறிகள் மூன்றும் பெரும்பாலும் குளிரால் வருபவையே. அடிப்புறத்தில், குறிப்பாக நரம்புகளை ஒட்டித் தெரியும் ஊதா நிறம் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைபாட்டின் அடையாளம் என்றாலும், மண்ணில் அச்சத்து போதுமான அளவு இருக்கும்போதுகூட, மண் குளிர்ந்திருந்தால் வேர்களால் அதைச் சரிவர உறிஞ்ச முடியாது. மண்ணின் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸுக்கு மேல் நிலைத்துவிட்டால், புதிதாக விரியும் இலைகள் பச்சையாகவே வருவதைக் காண்பீர்கள். பொறுமையிழந்து தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தை அள்ளிப் போட்டால், வெயில் வந்தபின் செடி இலையாகத் தழைக்குமே தவிர, பூப்பது தள்ளிப்போகும்.

பூ உதிர்வதற்கும் இரவுக் குளிரே காரணமாக இருக்கலாம். இரவு வெப்பநிலை ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது மகரந்தம் சரிவர உருவாகாமல் காய்ப்பிடிப்பு தடைப்படுகிறது. உதிர்ந்த அந்தப் பூக்களுக்காக வருந்த வேண்டாம், இந்நிலையில் செடி தன் வலுவை வேருக்குச் செலவிடுவதே நல்லது.

இப்போது செய்ய வேண்டியது மண்ணைச் சூடாக்குவதுதான். வைக்கோல், சருகு மூடாக்கு போட்டிருந்தால், அது வெயிலை மண்ணில் படவிடாது என்பதால், மண் சூடேறும்வரை விலக்கி வையுங்கள். தண்ணீரை மாலையில் விடாமல் காலையில் விடுங்கள். இரவில் செடிகளைத் துணியால் மூடி, பொழுது விடிந்ததும் எடுத்துவிடுங்கள். அடுத்த முறை நாள்காட்டியை நம்பாமல், காலை வேளையில் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பமானியைச் செருகிப் பார்த்து, தொடர்ந்து சில நாட்கள் 15 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் மட்டுமே நடுங்கள். நடுவதற்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன் வீட்டுக்குள் விதைத்து, கடைசி ஒரு வாரம் நாற்றுகளைச் சிறிது சிறிதாக வெளிக்காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்குவது அவசியம்.

கேள்வி: வீட்டுக்குள் வளர்க்கும் நாற்றுகள் மெலிந்து, நெட்டையாக வளர்ந்து சாய்கின்றன. அவற்றை நடலாமா?

பதில்: தாராளமாக நடலாம். வெளிச்சம் போதாததே காரணம். முளைத்தவுடன் நல்ல ஒளிபடும் இடத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். தக்காளித் தண்டு மண்ணுக்குள் புதையும் பகுதியெங்கும் வேர்விடும் இயல்புடையது. அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டை ஆழக்குழியில் செங்குத்தாக இறக்காமல், மேலோட்டமான சாலில் படுக்கவைத்து, நுனியை மட்டும் வெளியே விட்டு மண்ணிடுங்கள். பருவத் தொடக்கத்தில் மேல்மண்ணே முதலில் சூடேறுவதால் வேர் விரைவாகப் பிடிக்கும். படுக்கவைத்த நுனி ஓரிரு நாட்களில் தானாக நிமிரும் என்பதால், அதை வளைத்துக் கட்ட வேண்டியதில்லை.