சி.எம்.வி. காட்டும் போலி வருகைப்பதிவு

வணக்கம். வைரஸ் தொற்றிய செல், உள்ளே உள்ள புரதத் துண்டுகளை வெளியே ஏந்திக்காட்டும் எச்.எல்.ஏ. மூலக்கூறுகளை ஒளித்துக்கொண்டால், அந்தத் துண்டுகளைப் பார்த்துத் தாக்கும் டி செல்லிடம் தப்பும், எச்.எல்.ஏ. காணாமல்போனாலே தாக்கும் என்.கே. செல்லிடம் மாட்டும் என்று எழுதியிருந்தீர்கள். பிறகு சைட்டோமெகலோவைரஸ் (சி.எம்.வி.) மட்டும் எப்படி ஆயுளுக்கும் தங்கிவிடுகிறது? கிட்னி மாற்றியவர்களை அது படுத்தும்போது, புற்றுநோய்க்குச் செய்வதுபோல எதிர்ப்பாற்றலின் பிரேக்கை எடுத்துவிடக் கூடாதா?
ம.

அன்புள்ள ம.,

டி செல்லை ஏமாற்றுவது சி.எம்.வி.க்குச் சுலபம். அதன் யூ.எஸ்.2, யூ.எஸ்.11 புரதங்கள் புதிதாக உருவாகும் எச்.எல்.ஏ.வைப் பிடித்திழுத்துச் சிதைவுக்கு அனுப்புகின்றன. பெப்டைடுகள் (புரதத் துண்டுகள்), எச்.எல்.ஏ. உருவாகும் அறையான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துக்குள் நுழையும் 'டேப்' என்ற வாசலை யூ.எஸ்.6 அடைக்கிறது.

என்.கே. செல் தேடுவது எச்.எல்.ஏ.-இ என்ற வகையை. மற்ற எச்.எல்.ஏ. புரதங்களின் முன்துண்டிலிருந்து வெட்டிய 9 அமினோ அமிலங்களை அது ஏந்தி நிற்கும். அதைப் பார்த்ததும் என்.கே. செல்லின் என்.கே.ஜி.2ஏ ஏற்பி 'எல்லாரும் ஆஜர்' என்று பிரேக் போட்டுவிடும். இந்தத் துண்டுகளும் டேப் வழியாகத்தான் வரவேண்டும். வாசல் அடைபட்டால் எச்.எல்.ஏ.-இ-யும் மறையும், என்.கே. செல் பாயும். நீங்கள் எதிர்பார்த்ததும் இதைத்தான்.

யூ.எல்.40 அங்கேதான் கைவைக்கிறது. இந்த வைரஸ் புரதத்தின் முன்துண்டில் வேலின், மெத்தியோனின், அலனின், புரோலின், ஆர்ஜினின், த்ரியோனின், லூசின், ஐசோலூசின், லூசின் என்று ஒரு வரிசை. பலருடைய எச்.எல்.ஏ.-சி-யில் உள்ள வரிசையும் அட்சரம் பிசகாமல் இதுவே. இதற்கு டேப் தேவையில்லை; இதை ஏந்தி எச்.எல்.ஏ.-இ வெளியே நிற்க, என்.கே. செல் ஏமாந்து பிரேக் போட்டுவிடும். அது போதாதென்று யூ.எல்.18 வேறு. எச்.எல்.ஏ. போலவே உருவம், எல்.ஐ.ஆர்.-1 என்ற பிரேக்கை அசல் எச்.எல்.ஏ.வைவிட 1000 மடங்குக்கும் மேல் இறுகப் பிடிக்கிறது. கருவைத் தாயின் எதிர்ப்பாற்றல் தாக்காமலிருக்க நஞ்சுக்கொடியின் எச்.எல்.ஏ.-ஜி அழுத்துவதும் இதே பிரேக்தான். என்ன துணிச்சல்!

ஆனாலும் ஓட்டை இருக்கிறது. அதே எச்.எல்.ஏ.-இ-யைப் பார்த்துத் தாக்கக் கிளம்பும், என்.கே.ஜி.2சி என்ற ஏற்பி உள்ள என்.கே. செல்கள், சி.எம்.வி. தொற்றியவர்களில் பலரிடம் பெருகி ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன. யூ.எல்.40-இன் அந்த வரிசையில் 8-ஆவது இடத்தில் ஃபினைல்அலனின் உள்ள வைரஸ் வகை அவற்றை இன்னும் வலுவாகக் கிளப்பும்.

பிரேக்கை எடுப்பதா? 2006-இல் எல்.சி.எம்.வி. என்ற வைரஸ் நாள்பட்டுத் தங்கிய எலிகளில் டி செல்லின் பிரேக்கை அழுத்தும் பி.டி.-எல்1 புரதத்தைத் தடுத்ததும் சோர்ந்திருந்த டி செல்கள் எழுந்தன, வைரஸ் குறைந்தது. அதே ஆய்வில், பி.டி.-எல்1 மரபணுவே இல்லாத எலிகள் இந்த வைரஸ் தொற்றியபோது தங்கள் எதிர்ப்பாற்றலின் தாக்குதலிலேயே செத்தன. கிட்னி மாற்றியவரிடம் இதைச் செய்தால் டி செல் முதலில் பாய்வது புதுக் கிட்னி மேல்தான். அதனால்தான் மருத்துவர்கள் வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் வால்கான்சைக்ளோவிரைக் கொடுத்து, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைத் தேவைப்பட்டால் கொஞ்சம் குறைக்கிறார்கள். தடுப்புக்கு வழக்கமான அளவு தினம் 900 மி.கி.; கிட்னி வேலை செய்யும் அளவைப் பார்த்து அது குறையும். வெள்ளணுக்கள் சரிவதுதான் இதில் பெரிய தொல்லை, ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.