கல்லறை மேல் உருளைக்கிழங்கு

கேள்வி: பிரான்சின் பதினான்காம் லூயி, ஜெர்மானிய ராஜ்யமான பிரஷ்யாவின் மகா பிரெடரிக், ஆட்சி நடத்துவதில் யார் உசத்தி?
– வாசகர், குடியாத்தம்

பதில்: காட்பாடியில் முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் நான், என் ஓட்டு பிரெடரிக்குக்குத்தான்.

லூயி 1682-இல் அரசவையை பாரிசுக்குப் பக்கத்திலுள்ள வெர்சாய் அரண்மனைக்கு மாற்றி, பிரபுக்களைக் கண்ணெதிரிலேயே வைத்துக்கொண்டார். காலையில் ராஜாவுக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பதே அவர்களுக்குப் பெரிய கௌரவம். கெட்டிக்காரத்தனம்தான், சரி. ஆனால் 1740-இல் பட்டமேறிய பிரெடரிக், தன்னை நாட்டின் முதல் சேவகன் என்றார். 1756-இல் உருளைக்கிழங்கு பயிரிடச் சொல்லி உத்தரவு போட்டார். ஆஸ்திரியாவிடமிருந்த சைலீசியா மாகாணத்தைப் படையெடுத்துப் பிடுங்கியதை மட்டும் என்னால் நியாயப்படுத்த முடியாது.

ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் அவர் கல்லறைப் பலகை மேல் இன்றும் மக்கள் உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போகிறார்கள். வேலூர் மார்க்கெட்டில் கிழங்கு மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்தான் நினைவுக்கு வரும்.