பதில்: பயிற்சியில் சரியாக வந்த பனையோலைப் பெட்டி வீட்டில் இழைத்தால் மூலையில் வெடிக்கிறது, ஆசையும் விட்டுப்போச்சு

ஓலையை ஈரமாக்கிவிட்டு இழையுங்கள், மூலை மடிக்கிற இடத்தில் வெடிக்காது. பயிற்சியில் பதமாக்கி, கீற்றாக வார்ந்த சார்வோலையை, அதாவது இளம் பனையோலையை, கையில் தந்திருப்பார்கள். வீட்டில் நீங்கள் காய்ந்ததை அப்படியே எடுத்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன், அதுவும் இந்தச் சோளகத்தில், அதாவது தென்மேற்குக் காற்றில், வன்னியில் விறாந்தையில் வைத்த ஓலை மத்தியானத்துக்குள் முறுகிவிடும்.

ஒரு வாரை, அதாவது வார்ந்த ஓலைக் கீற்றை, எடுத்துச் சுண்டுவிரலில் இறுக்கிச் சுற்றிப் பாருங்கள். நரம்போடு வெள்ளைக் கீறல் விழுந்தால் ஓலை அளவுக்கு மிஞ்சிக் காய்ந்துவிட்டது. தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, ஓலை தோல் மாதிரி வளைகிறபோது தொடங்குங்கள். இழைக்கும்போதும் பக்கத்தில் ஒரு ஈரத்துணி இருக்கட்டும்.

ஆனால் நாள்கணக்கில் ஊறவிடாதீர்கள், கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். அளவுக்கு மிஞ்சி ஈரமாக இழைத்தால் காய்ந்தபின் ஓலை சுருங்கி இடைவெளி விழும். சாயம் போட்ட வாரை வெள்ளை வாரோடு சேர்த்து நனைத்தால் சாயம் இறங்கும், வேறாக வையுங்கள்.

"பயிற்சியில் இருந்த சந்தோசம் தனிய இருந்தால் வருதில்லை" என்று எழுதியிருந்தீர்கள். அதில் பாதி இந்த வெடிப்பு தந்த எரிச்சல்தான். மற்றப் பாதிக்கு, அயலில் கடகம் (பெரிய ஓலைக்கூடை) பொத்தத் தெரிந்த ஒரு ஆச்சியிடம் ஓலையோடு போய் இருங்கள். கேட்டால் சந்தோசமாகக் காட்டித்தருவார்கள், கதையும் நடக்கும், கையும் தன்பாட்டில் ஓடும். இழைத்த முதல் பெட்டியை அவருக்கே கொடுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.