டோட்டல் யார்ட்ஸ மட்டும் நம்பாதீங்க

அமெரிக்கன் காலேஜ் ஃபுட்பால்ல ஒரு டீம் பந்தோட முன்னேறுற மொத்த தூரத்த, அதாவது டோட்டல் யார்ட்ஸ வச்சு எத்தனை மேட்ச் ஜெயிக்கும்னு ப்ராஜெக்ட்ல கணிச்சா சில டீம் சுத்தமா ஒத்து வரலனு கேட்டிருந்தீங்க. மாடல விடுங்க, எடுத்த நம்பர்தான் பிரச்சனை.

2016 டெக்சஸ் டெக் டீம பாருங்க, அவங்க குவார்ட்டர்பேக் (பந்த பாஸ் போடுறவர்) மஹோம்ஸ் ஓக்லஹோமாவுக்கு எதிரா ஒரே மேட்ச்ல 734 யார்ட் பாஸ் போட்டும் 66-59னு தோத்தாங்க, அந்த சீசன் மொத்தமே 5 வெற்றி 7 தோல்வி, ஏன்னா அவங்க டிஃபென்ஸால (தடுக்குற ஆட்டம்) யாரையும் நிறுத்த முடியல. 2023 அயோவா அப்படியே உல்டா, யார்ட்ஸ்ல நாட்டுலயே கடைசி ஆனா 10 மேட்ச் ஜெயிச்சாங்க, டிஃபென்ஸ் அவ்ளோ கெட்டி, அதோட பன்ட்டர் (பந்த தூரமா உதைச்சு எதிரணிக்கு குடுக்குறவர்) டோரி டெய்லர் அடிக்கிற அடியில எதிரணி திரும்பத் திரும்ப சொந்த கோல் லைன் பக்கத்துல இருந்தே ஆரம்பிக்கணும். அதுக்காக அஃபென்ஸ் (பாயின்ட் எடுக்குற ஆட்டம்) தேவையே இல்லனு முடிவு கட்டிடாதீங்க, அதே அயோவா அவங்க லீக்கான பிக் டென் ஃபைனல்ல மிச்சிகன்கிட்ட 26-0, சீசன் முடிஞ்சு நடக்குற சிட்ரஸ் பவுல் மேட்ச்ல டென்னசிகிட்ட 35-0னு தோத்தாங்க, ரெண்டுலயும் ஒரு பாயின்ட் கூட இல்ல, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.

நீங்க டோட்டல தூக்கிட்டு ஒரு ப்ளேக்கு (பந்த நகர்த்துற ஒவ்வொரு முயற்சிக்கும்) எத்தனை யார்ட்னு எடுங்க, வேகமா ஆடுற டீமுக்கு ப்ளே அதிகம், அதுலயே டோட்டல் ஏறிடும். அதுல இருந்து எதிரணிக்கு ஒரு ப்ளேக்கு விட்டுக்குடுத்த யார்ட்ஸ கழிங்க. டர்னோவர் வித்தியாசத்தையும் (எதிரணிகிட்ட பறிச்ச பந்துக்கும் நீங்க பறிகொடுத்த பந்துக்கும் உள்ள வித்தியாசம்) சேருங்க, ஆனா அதுல லக் நிறைய, அடுத்த சீசன கணிக்க அத நம்பாதீங்க.