டீன் ஆவது இருக்கட்டும், முதலில் வகுப்பறை

தில்லி மயூர் விஹாரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

பி.எஸ்சி. கணிதம் முடிக்கப்போகும் மகள் பி.எட். என்கிறாள், "வெறும் டீச்சராவா?" என்று வீட்டில் கேட்கிறார்கள் என்றீர்கள். அவளோ ஆசிரியர்களுக்கே பாடம் எடுத்து, பல்கலைக்கழகத்தில் டீன் (புலத் தலைவர்) வரை போக நினைக்கிறாள். நல்ல ஆசைதான். ஆனால் டீன் பதவிக்கென்று தனிப் படிப்பு கிடையாது. பேராசிரியராக இருப்பவருக்குச் சில ஆண்டுகள் வந்துசேரும் பொறுப்பு அது. குறி வைக்க வேண்டியது கல்வியியல் உதவிப் பேராசிரியர் வேலைக்கு. ஏழாவது ஊதியக் குழுப்படி அதன் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். கேந்திரிய வித்யாலயாவில் பி.ஜி.டி. (மேல்நிலை வகுப்பு) ஆசிரியருக்கு 47,600. வீட்டில் இதைச் சொல்லுங்கள், பேச்சு மாறும்.

பலர் சறுக்குவது எங்கே தெரியுமா? பி.எட்., எம்.எட். இரண்டும் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். கணிதம் கற்பிக்கும் முறையைச் சொல்லித்தர எம்.எஸ்சி.யும் வேண்டும், அதிலும் எம்.எட்.டிலும் 55 சதவீதம் வேண்டும். அதன்மேல் நெட் (உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு) அல்லது பிஎச்.டி. அதனால் எம்.எஸ்சி.யை முதலில் முடிக்கட்டும். வயது போய்விடுமோ என்று பயப்படாதீர்கள், நெட் வழியே கிடைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப்.க்கு உச்ச வயது 30 என்றாலும் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு.

பி.எட். முடித்ததும் நேராக எம்.எட்.டுக்கு ஓட வேண்டாம் என்பது என் கருத்து. சட்டம் அப்படிக் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். பி.எட்.டில் பள்ளிப் பயிற்சி 20 வாரம்தான். பின்னம் என்றாலே மிரளும் ஆறாம் வகுப்புப் பிள்ளையைச் சமாளித்தே பழகாதவர், நாளைய ஆசிரியர்களுக்கு என்ன சொல்லித்தருவார்? இரண்டு மூன்று ஆண்டாவது பள்ளியில் இருக்கட்டும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு மந்திர் மார்க், லோதி எஸ்டேட், ஜனக்புரி என்று 7 பள்ளிகள் உண்டே, அங்கும் விண்ணப்பிக்கலாம்.

கல்லூரி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். தலைநகரைச் சுற்றி "வகுப்புக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்" என்று பி.எட். விற்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆசிரியர் கல்விக்கான தேசிய கவுன்சிலின் (என்.சி.டி.இ.) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். தில்லிப் பல்கலையின் கல்வியியல் துறை, அதாவது 1947இல் தொடங்கிய சி.ஐ.இ. (மத்தியக் கல்வி நிறுவனம்), கிடைத்தால் விடவே கூடாது. பயிற்சிக்கு அரசுப் பள்ளி அமைந்தால் இந்தியில் பாடம் நடத்த வேண்டிவரும். பேச்சு இந்தி மட்டும் போதாது.

சின்னவள் பிளஸ் டூ என்று எழுதியிருந்தீர்களே, அவளுக்கும் இதே ஆசை இருந்தால் வழி வேறு: என்.சி.இ.டி. நுழைவுத் தேர்வு எழுதி, பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பில் சேரலாம். பெரியவள் இப்போதைக்கு எம்.எஸ்சி.க்காக கியூட்-பிஜி (முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு) கணிதத் தாளுக்குப் படிக்கட்டும்.